வலது விரலில் மை

வாணி கண்டுபிடித்த பொருளுக்கு ஞாபகம் உண்டு. வந்த வினை முழுக்க அதனால்தான்.

வெளிச்சம் பட்டு நிறம் மாறும் பொருள்கள் ஒன்றும் புதிதல்ல. வெயிலில் இறங்கினால் கறுத்துப்போகிற மூக்குக்கண்ணாடியை உங்கள் வீட்டில் யாராவது ஒரு மாமா போட்டிருப்பார். திரும்ப உள்ளே வந்ததும், கண்ணாடி தெளிகிறவரை, எதிரில் நிற்பது மருமகனா பால்காரனா என்று தெரியாமல் பொதுவாகச் சிரித்துவைப்பார். பவானிக்கு வடக்கே காவிரியை ஒட்டி இருந்த அந்தக் கம்பெனி, இந்தத் தாமதத்தை ஒழித்துக்கட்டியது. அவர்கள் செய்த ஜன்னல் கண்ணாடி, சூரியன் மேகத்தை விட்டு வெளியே வந்த கணமே இருண்டது; மறைந்த கணமே வெளுத்தது. அடுக்குமாடிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கி மாட்டினார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். வம்பை விலைக்கு வாங்குவதில் எனக்கு ஆசையில்லை.

கோகிலவாணி அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் வேதியியல் நிபுணர். அவளுடைய அக்கா சாந்தாமணி அதே கம்பெனியில், கண்ணாடிக்குப் பூச்சு ஏற்றும் பிரிவில் ஒப்பந்தக் கூலி. இருவரும் ஒரே கேட் வழியாகத்தான் நுழைவார்கள். அதன் பிறகு ஒருத்தி ஏசி கட்டடத்துக்கும் இன்னொருத்தி ஊதா விளக்குகள் எரியும் கொட்டகைக்கும் பிரிந்து போவார்கள். வாணி படிக்கவேண்டும் என்பதற்காகப் பத்தாவதோடு மில்லுக்குப் போனவள் சாந்தாமணி. அதை ஒருநாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் வாணிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஊதா விளக்கின் கீழே நாள் முழுக்க நின்றால் கண் என்ன ஆகும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, சாந்தாமணியைப் பார்த்தால் போதும். சாயங்காலம் ஆனால் கண் சிவந்து நீர் கொட்டும். அடுப்பு வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோசை சுடுவாள். ஊருக்கெல்லாம் வெயில் மறைக்கும் கண்ணாடி செய்த கம்பெனி, தன் ஆட்களுக்குக் கொடுத்தது கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடி. நல்ல கண்ணாடி வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிவிட வேண்டும் என்று நல்லசிவம் என்கிற மெஷின் ஆபரேட்டர் ஒரு சங்கம் ஆரம்பித்தான். கம்பெனியின் மடியில் வளர்ந்த சங்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டில் எது நிர்வாகத்தோடு பேசுவது என்று தொழிலாளர்கள் ரகசிய ஓட்டுப் போட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு. கம்பெனி சங்கத்துக்குக் குடைச் சின்னம். நல்லசிவத்தின் சங்கத்துக்கு ஏணி.

ஓட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பணியாளர் மேலாளர் கிரிதரன் வாணியின் ஆய்வகத்துக்கு வந்தார். நல்ல மனிதர் போலவே பேசுவார். யாரையும் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்க புது மருந்துத் தண்ணி ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கும்னு சொல்றாங்களே, அது என்னங்க மேடம்?"

வாணிக்குத் தன் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் முகம் மலர்ந்துவிடும். கருநீலமான ஒரு திரவத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினாள்.

"சாதாரண நிறமாறிப் பூச்சு வெளிச்சம் போனா பழைய நிறத்துக்குத் திரும்பிடும் சார். இது திரும்பாது. முதல்ல எந்த நிற வெளிச்சம் படுதோ அதை உள்ளுக்குள்ள பூட்டி வெச்சுக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது." ஒரு சிறிய பச்சை விளக்கைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒருதரம் மின்னவைத்தாள். பிறகு ஊதா விளக்கைக் காட்டினாள். கருநீலப் பூச்சு ஒரு நொடி பச்சையாகப் பளீரென்று மின்னி அடங்கியது.

"டியூப் லைட், வெயிலெல்லாம் பட்டா?"

"அதெல்லாம் பல நிறம் கலந்த வெளிச்சம். கலந்து வந்தா கண்டுக்காது. சுத்தமான ஒரே நிறம், ஒட்டினாப்பல கிட்ட இருந்து படோணும். போலி மருந்தைப் பிடிக்கறதுக்குன்னு செஞ்சேன் சார். மருந்துக் கம்பெனி தன்னோட குப்பிக்கு ஒரு நிறத்தைக் காட்டி அனுப்பிட்டா, கடையில ஊதா விளக்கு வெச்சுப் பாத்து அசலா போலியான்னு சொல்லிடலாம்."

"தோல் மேல தடவினா?"

வாணி யோசித்தாள். "தோல் உரிஞ்சு புதுசு வர்ற வரைக்கும் இருக்கும். ஒரு வாரம். விஷமெல்லாம் கிடையாது."

"அருமைங்க. ஓட்டுப் போடறப்ப விரல்ல வெக்கிற மையில கலந்து குடுங்க. கள்ள ஓட்டு விழக்கூடாது பாருங்க."

கள்ள ஓட்டுக்குச் சாதாரண மையே போதுமே என்று வாணிக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தன் குழந்தையை யாரோ தூக்கிக் கொஞ்சின சந்தோஷத்தில் இருந்தாள்.

ஓட்டுப் பெட்டி செய்து வந்ததும், விளக்குகளைச் சோதித்துத் தரச் சொல்லி அவளிடம்தான் அனுப்பினார்கள். இரண்டே இரண்டு பட்டன். அழுத்தினால் பட்டனே எரியும். குடைப் பட்டன் சுத்தமான நீலம், ஏணிப் பட்டன் சுத்தமான பச்சை. கூடவே ஒரு குறிப்பு: சித்திரையில் நடந்த தேர்தலின் மை இடது விரல் நகங்களில் இன்னும் இருப்பதால், இந்த முறை வலது ஆட்காட்டி விரலின் நுனியில், ரேகைமேல் மை வைக்கப்படும்; அதன் பிறகே, அதே விரலால் பட்டனை அழுத்த வேண்டும். கேட்டில் வருகைப் பதிவுக்காக எல்லோரும் வலது விரலை வைக்கும் பஞ்ச் மெஷினுக்குள் ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தும் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

வாணி கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தாள். நேராகக் கிரிதரனின் அறைக்குப் போனாள்.

"சார், இது ரகசிய ஓட்டு இல்லையா?"

"ஆமாங்க. யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும்." கிரிதரன் சிரித்தார். "படிச்சவங்க நீங்க. உங்களுக்குப் போயி நான் விளக்கோணுமா? உங்க அக்கா கூட பூச்சு செக்‌ஷன்லதான இருக்காங்க? நல்லா வேலை செய்வாங்கன்னு கேள்விப்பட்டேன்."

வாணி தன் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். அவளை நான் குறை சொல்லப் போவதில்லை. அக்காவின் பெயர் அந்த அறையில் அடிபட்டுவிட்டது. ஏணிக்குப் போட்டவர்களின் பெயர் தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தாள். அக்காவின் கண்ணை நினைத்தாள். அக்கா ஏணிக்குத்தான் போடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நல்லசிவத்திடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் தவித்தாள். சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். முடியாது என்று எழுதிக் கொடுத்தால், செய்முறை கம்பெனியிடமே இருக்கிறது. வேறு ஒருவர் செய்து கொடுத்துவிடுவார். கடைசியில், யாருக்கும் தெரியாமல், யாருக்கும் வலிக்காமல் ஒரு வழி இருப்பதாகக் கண்டுபிடித்தாள். படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட வழிகள் மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன.

வழி மிகச் சுலபமானது. மை முதலில் பார்த்த வெளிச்சத்தைத்தானே பூட்டிவைத்துக்கொள்ளும்? ஓட்டுக்கு முன்பே மை முழுவதற்கும் நீலத்தைக் காட்டிவிட்டால், அப்புறம் எந்தப் பட்டனை அழுத்தினாலும் எல்லோர் விரலும் நீலமாகத்தான் மின்னும். எல்லோரும் குடைக்காரர்கள். யாரும் மாட்ட மாட்டார்கள். மை கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று கையை விரித்துவிடலாம்.

கிரிதரன் சோதித்துப் பார்ப்பதற்கு நல்ல மையில் ஒரு புட்டி கொடுத்தாள். மீதியை மாற்றுவதற்கு ஆள் இல்லாத நாள் ஒன்று வேண்டியிருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் ஆடிப் பதினெட்டு. கம்பெனிக்கு விடுமுறை.

காலையிலேயே அக்கா போன் செய்தாள்.

"அம்மிணி, எங்கீருக்கற? கூடுதுறைக்கு வந்துட்டம். தண்ணி ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போவுது. வந்தீனா கயிறு மாத்திக் கட்டி உடுவன். அந்தச் சங்கிலியக் கழட்டிப்போட்டு வருசத்துல ஒரு நாளாச்சும் மஞ்சக் கயிறு போடோணும்."

"வேலை இருக்குதுக்கா."

"நோம்பி நாள்ல என்ன வேலை உனக்கு?"

"முக்கியமான வேலைக்கா. உனக்கும் சேத்துத்தான்."

"என்னமோ போ. கற்பகம், பாப்பாத்தி எல்லாரும் வந்துருக்கறாங்க. நம்ம செக்‌ஷனே இங்கதான் கெடக்குது." பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. மஞ்சளை உரசிக் கயிற்றில் பூசி, தாலியில் பூசி, ஒருத்தி கழுத்தில் இன்னொருத்தி கட்டிவிட்டு, காவிரிக்கு ஒரு பிடி மஞ்சள் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாணி மையைத் தட்டுகளில் ஊற்றி, நீல விளக்கின் கீழே வைத்து, சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மனம் நிறைந்திருந்தது. இத்தனை வருடத்தில் அக்காவுக்குத் தான் செய்கிற முதல் கைம்மாறு இது என்றுகூட நினைத்தாள்.

மறுநாள் ஓட்டு கலகலப்பாகவே நடந்தது. வலது கையில் மை வைத்தால் எப்படிச் சோறு தின்பது என்று ஒருவன் கேட்டான். உன் பெண்டாட்டி ஊட்டிவிடட்டும் என்று இன்னொருவன் சொன்னான். ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆண்கள் பாதி; மீதியில் பெரும்பாலும் கல்யாணமாகாத இளம் பெண்கள், வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். சாந்தாமணி மாதிரிக் குடும்பப் பெண்கள் பூச்சுப் பிரிவில் மட்டும்தான்.

ஏழு மணிக்கு மறுபடி அக்காவிடமிருந்து போன்.

"அம்மிணி, அந்தப் பஞ்ச் மிசினு என்ன பேய் மிசினா? வெளிய வாரப்போ கை வெச்சம் பாரு, விரலு மின்னுது! எனக்குப் பச்சை. என்னா அழகுங்கற! மொளைச்ச நெல்லாட்ட."

"பச்சையா? நல்லாப் பாத்தியாக்கா? நீலமில்லையா?"

"நீலமெல்லாம் அந்தச் சின்னப் புள்ளைகளுக்கும் ஆம்பளைகளுக்கும். எங்களுக்கு மட்டும் பச்சை. கற்பகத்துக்கு, பாப்பாத்திக்கு, நேத்து கூடுதுறைக்கு வந்தவிய அத்தனை பேத்துக்கும். காவேரித்தாயி குடுத்த கலருன்னு சிரிச்சுக்கிட்டே வந்தம்."

வாணி போனை வைத்தாள். பூசுகிற மஞ்சள், ஊதா விளக்கின் கீழே தானாகவே பச்சை சாய்ந்த மஞ்சளாக ஒளிரும். கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் மாணவர்களுக்கு அவளே செய்துகாட்டியிருக்கிறாள். விரல் ரேகையில் ஏறிய மஞ்சள் இரண்டு நாளைக்குப் போகாது. அதன்மேல் நீலம். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். டாக்டர் கோகிலவாணிக்குத் தெரியவில்லை. தெரியாமல் என்ன, அன்றைக்கு ஊரில் பெண்கள் கையெல்லாம் மஞ்சள் என்பது அவள் நினைப்பிலேயே வரவில்லை. கூடுதுறைக்குப் போயிருந்தால் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் முப்பத்தொரு பெண்களின் அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கணக்கை வாங்கிக்கொண்டு போகலாம் என்று செக்யூரிட்டி சொன்னான். யாரும் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பச்சை மின்னியவர்கள் வெளியே நின்றார்கள், நீலம் மின்னியவர்கள் உள்ளே போனார்கள். ஏணிப் பட்டன் எரிந்த நிறம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பத்து நிமிடத்தில் கேட் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே போனவர்கள், நாமும் ஏணிக்குப் போட்டோமே, நமக்கு ஏன் நீலம் வந்தது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார்களே தவிர, பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் ஓட்டை எண்ணினார்கள். ஏணிக்கு எழுநூறுக்கு மேல். நல்லசிவம் ஜெயித்துவிட்டான். ஜெயித்த கையோடு முப்பத்தொரு பேருக்கும் கேட்டுக்கு வெளியே மாலை போட்டு, துணிச்சலுக்குப் பேர்போன வீராங்கனைகள் என்று பேசினான்.

சாந்தாமணி அந்த மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாணியின் வீட்டுக்கு வந்தாள். கண் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவந்திருந்தது.

"நான் ஏணிக்குப் போடல அம்மிணி."

"அக்கா?"

"குடைக்குத்தான் போட்டன். நீ அங்க பெரிய வேலைல இருக்கற. உன்ற அக்கா கம்பெனிக்கு எதிரா நிக்கறான்னு ஒரு பேச்சு வந்தறக் கூடாதுன்னு, மனசக் கல்லாக்கிக்கிட்டுக் குடைய அமுக்குனன். கற்பகம் கேட்டப்பக்கூட ஏணின்னு பொய் சொன்னன்." மாலையைத் தரையில் போட்டாள். "இப்ப எனக்கு மாலை போடறாங்க. மேலெல்லாம் கூசுது. நீ போயிச் சொல்லு. உன்ற மை பொய் சொல்லுதுன்னு உனக்குத்தான தெரியும்? நீ சொன்னா கேப்பாங்க."

வாணியால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் கிரிதரனின் அறைக்குப் போனாள்.

கிரிதரனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. மை முழுவதற்கும் நீலம் காட்டியது, நல்ல மையில் ஒரு புட்டி கொடுத்து ஏமாற்றியது, மஞ்சள், கயிறு எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள்.

"உக்காருங்க மேடம். டீ சொல்லட்டுங்களா?"

"சார், அந்த முப்பத்தொரு பேரும் யாருக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. எங்க அக்கா குடைக்குத்தான் போட்டா."

"தெரியுங்க," என்றார் கிரிதரன்.

"என்ன தெரியும்?"

"மஞ்சள்தான்னு தெரியும். முப்பத்தொருத்தரும் கல்யாணமான பொம்பளைங்க. ஒரு ஆம்பளை இல்ல, ஒரு சின்னப் புள்ளை இல்ல. அப்பவே இதுல என்னமோ இருக்குதுன்னு பட்டுது. என்ற சம்சாரமும் அன்னிக்குக் கூடுதுறையிலதான் கயிறு மாத்துனா. மிச்சமிருந்த உங்க மையில ஒரு சொட்டு அவ விரல்ல வெச்சு லைட்டுல காட்டுனன். பச்சை. அவ நம்ம கம்பெனி வாசலையே மிதிச்சதில்லீங்க."

"தெரிஞ்சுமா அவங்கள அனுப்பினீங்க?"

"முந்தா நாள் ராத்திரியே தெரியும்." அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒழுங்கா மை செஞ்சு குடுத்திருந்தா எழுநூறு பேரு பச்சையா வந்திருப்பாங்க. எழுநூறு பேத்த நான் என்ன பண்ண முடியும்? கம்பெனிய இழுத்துச் சாத்தறதா? நானே பயந்துட்டுத்தான் இருந்தன். நீங்க முப்பத்தொண்ணாக் கொறைச்சுக் குடுத்தீங்க. பெரிய ஒத்தாசைங்க அது."

வாணி இரக்கப்பட்டுச் செய்த காரியம் அது. செய்யாமலே இருந்திருந்தால் அக்கா நீலமாக மின்னி, வேலையோடு இருந்திருப்பாள். மற்றவர்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் பச்சையாக மின்னி, ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியம் கொண்டிருப்பார்கள்.

"ஆனா அவங்கதான் ஏணிக்குப் போட்டாங்கன்னு தெரியாதே சார்!" என்று மட்டும் கத்தினாள்.

"யாரு போட்டாங்கன்னு தெரிய வேண்டியதில்லீங்க. நமக்குத் தெரியுதுன்னு அவிய நம்புனாப் போதும்."

"என்னை அனுப்பிருங்க. நான் செஞ்ச தப்பு. அவங்கள எடுத்துக்குங்க."

"உங்கள எப்படிங்க அனுப்பறது?" கிரிதரன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மை செஞ்சவங்க நீங்க. நீங்க இங்கயே இருக்கோணும். அவிய தெனமும் உங்களப் பாக்கோணும்."

அங்கிருந்து நேராக நல்லசிவத்திடம் போனாள். அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்: யாருடைய ஓட்டும் யாருக்கும் தெரியாது, எல்லா மையும் நீலம், பச்சை என்பது வெறும் மஞ்சள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இதைப் போயிச் சொல்லிட்டு வரச் சொன்னாங்களாம்மா?"

"யாரும் சொல்லலீங்க. சத்தியமா."

"சத்தியமாவே இருக்கட்டும். அந்த முப்பத்தொரு பேரும் நம்ம சங்கத்துக்காக வேலைய உட்டவங்கன்னு நாலு ஊரு பேசுது. இப்பப் போயி மஞ்சள்னு சொன்னா அவியளுக்கு அந்த மருவாதையும் போயிரும். பேசாம இருங்கம்மா."

வாணி பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. கேன்டீனில் சொன்னாள், கேட்டில் நின்று சொன்னாள். அவள் வாயைத் திறந்தாலே வலது கைகள் சட்டைப் பைக்குள்ளும் துப்பட்டாவுக்குள்ளும் போயின. கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கம்பெனி ஆளான இவளே வந்து, விரலைப் பார்த்தாலும் தெரியாது என்று சொல்கிறாளே, அப்படியென்றால் தெரியும் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அவளே ராஜினாமா எழுதினாள். ஒப்பந்தப்படி இரண்டு வருடம் விடமுடியாது என்று பதில் வந்தது.

நல்லசிவத்தின் சங்கம் ஜெயித்ததே தவிர, கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. நல்ல கண்ணாடி கேட்டுக் கையெழுத்து வாங்கப் போனால், பேனாவைப் பிடிக்க விரலை நீட்ட யோசித்தார்கள். ஒரு வருடத்தில் மறு ஓட்டுக் கேட்டது கம்பெனி சங்கம். அந்த ஓட்டுக்கு வாணியிடம் மை கேட்டு யாரும் வரவில்லை. அவளுடைய அலமாரியில் இருந்த மருந்து ஒரு சொட்டுக் குறையவில்லை. பஞ்ச் மெஷினில் இருந்த ஊதா விளக்கு எப்போதோ கெட்டுப்போய், கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். ஸ்டாம்ப் பேடுக்கு ஊற்றுகிற கடை மையை வாங்கி வந்து எல்லோருக்கும் வலது விரல் நுனியில் வைத்தார் கிரிதரன். வேறொன்றும் செய்யவில்லை. குடை ஏறக்குறைய எல்லா ஓட்டையும் வாங்கி ஜெயித்தது.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் சில பெண்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மஞ்சள் கயிறு மாற்றினார்கள். பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அதற்குள் சுற்றுவட்டாரத்து மில்களிலும் ஆலைகளிலும் சங்கத் தேர்தல் என்றால் வலது விரல் என்று ஆகிவிட்டிருந்தது. எல்லாம் கடை மைதான்.

சாந்தாமணிக்குக் குமாரபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்திருந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணி அவளைப் பார்க்கப் போனாள். அக்கா முன்போலவே வாஞ்சையாக வரவேற்றாள். இளைச்சுப் போயிட்ட கண்ணு என்றாள். உட்காரவைத்து இலை போட்டாள். முந்தின நாள்தான் அந்த மில்லில் சங்கத்துக்கு ஓட்டு என்று அக்காவின் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். அக்கா சட்டென்று அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் வாணி கவனித்தாள். வந்ததிலிருந்து அக்காவின் வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"அக்கா, அது வெறும் கடை மைக்கா. அதுல ஒண்ணுமே இல்ல. நான் சொல்றேன்ல?"

"செரி கண்ணு. நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்."

"மருந்து இருந்தாக்கூட என்னால வெறுங்கண்ணுல பாத்துச் சொல்ல முடியாதுக்கா."

"நான் ஒண்ணுஞ் சொல்லலையே. நீ சாப்புடு."

கை வெளியே வரவில்லை. குண்டாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சோற்றை அள்ளி இலையில் போட்டாள். பழக்கமில்லாத கை; பாதிச் சோறு இலைக்கு வெளியே சிந்தியது. இடது கையால் சோறு போடக்கூடாது என்று சின்ன வயதில் வாணியின் முட்டியில் கரண்டியால் தட்டியவள் அவள்தான்.

"ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அதே கையை நீட்டினாள் அக்கா.

"ஊத்துக்கா," என்றாள் வாணி.